புதுப்பிப்பு: கோத்தகிரி போய் வந்துவிட்டோம்

ஓய்வுக்கு அப்புறம் நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியில் குடியேறலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "மே மாதம் பார்த்து மயங்காதீங்க, நவம்பர் மழையில் தங்கிப் பாருங்க" என்றீர்கள், அப்படியே நானும் மனைவியும் ஐந்து நாள் தங்கினோம். காயப்போட்ட துண்டு மூன்று நாளாகியும் ஈரம்தான். ஒரு காலை கதவைத் திறந்தால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இரண்டு காட்டெருமைகள், மூக்கிலிருந்து ஆவி பறப்பது தெரிகிற தூரத்தில். நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்கார அம்மா, "கிட்டப் போகாதீங்க, அதுபாட்டுக்குப் போயிடும்" என்றார், போயும் விட்டது.

சரிவில் மனை வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டோம். 2009 நவம்பர் மண்சரிவில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்ததை மறக்க முடியாது. முதலில் ஒரு வருடம் வாடகைக்கு, தென்மேற்கு, வடகிழக்கு என்று ரெண்டு பருவமழையும் பார்த்துவிடலாம். மனைவிக்கு இப்போதே போகணும்!