ஏஐ முகவரிடம் டிஎன்எஸ் எழுதும் உரிமையைக் கொடுக்கலாமா?

கேள்வி: கடைக்கோடி_சர்வர்

வணக்கம். எங்கள் சிறிய நிறுவனத்தின் இணையதளமும் பில்லிங் செயலியும் கிளவுடில் இயங்குகின்றன. ஒரே டொமைன்தான், அதில் ஏறத்தாழ 40 டிஎன்எஸ் பதிவுகள் (எந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் போன்ற விவரங்கள்) இருக்கின்றன. இரண்டு மாதங்களுக்கு முன் எம்சிபி (ஏஐ வெளிக் கருவிகளை அழைப்பதற்கான பொது நெறிமுறை) வழியாக ஓர் ஏஐ முகவரை எங்கள் டிஎன்எஸ் ஏபிஐயுடன் இணைத்தோம். துணை டொமைனைப் புதிய சர்வருக்குத் திருப்பு என்று ஒரு வரி எழுதினால் போதும், வேலை முடிந்துவிடும்.

சென்ற வாரம், வெளிச்சேவை ஒன்றிடம் டொமைன் எங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்துவதற்காக, மூல டொமைனில் ஒரு டிஎக்ஸ்டி (உரை) பதிவைச் சேர்க்கும்படி முகவரிடம் சொன்னேன். சேர்த்துவிட்டதாகப் பதில் வந்தது. அந்தச் சேவையும் ஏற்றுக்கொண்டது. மறுநாள் காலையிலிருந்து நாங்கள் அனுப்பிய இன்வாய்ஸ்கள் வாடிக்கையாளர்களின் ஸ்பேம் பெட்டிக்குப் போகத் தொடங்கின. டிஎன்எஸ் பதிவுகளைக் காட்டும் டிக் கட்டளையைப் போட்டுப் பார்த்தபோது, மூன்று மதிப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் புதிய மதிப்பு ஒன்று மட்டுமே இருந்தது. எங்கள் டொமைன் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரியைக் காணவில்லை. பதிவேட்டில் முகவர் அனுப்பியது ஒரே ஓர் அப்சர்ட் (இருந்தால் மாற்று, இல்லையென்றால் உருவாக்கு) அழைப்பு. அதற்கு முன் எதையும் அது படித்துப் பார்க்கவில்லை.

பழைய வரிகளைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். இந்த ஏற்பாட்டையே கைவிடுவதா, அல்லது கட்டுப்படுத்தி வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா?

மறுமொழி: பெயர்வழங்கி

கைவிட வேண்டியதில்லை, ஆனால் நடந்தது என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே பெயரும் ஒரே வகையும் கொண்ட மதிப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு பதிவுத் தொகுப்பு. அமேசான் ரூட் 53இன் அப்சர்ட், பவர்டிஎன்எஸ் ஏபிஐயின் ரீப்ளேஸ் ஆகியவை அந்தத் தொகுப்பு முழுவதையும் மாற்றி எழுதுபவை. அனுப்பிய பட்டியலில் இல்லாத மதிப்பு போய்விடும். கிளவுட்ஃபிளேரில் ஒவ்வொரு மதிப்புக்கும் தனி அடையாள எண் இருப்பதால், புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையவை அப்படியே இருக்கும். ஓரிடத்தில் சரியாக இருக்கும் பழக்கம் இன்னோரிடத்தில் அஞ்சலைக் கெடுக்கும். மாற்றுவதற்கு முன் படி, படித்ததோடு சேர்த்து எழுது என்று முகவருக்கான நிலையான அறிவுறுத்தலில் எழுதி வையுங்கள்.

எஸ்பிஎஃப் விஷயத்தில் இதற்கு நேர்மாறான பள்ளமும் உண்டு. புதிய அஞ்சல் சேவைக்காக முகவர் இரண்டாவது எஸ்பிஎஃப் வரியைச் சேர்த்தால், 2014ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 7208 என்ற இணையத் தர ஆவணத்தின்படி அது நிரந்தரப் பிழை. இருக்கும் வரிக்குள்ளேயேதான் இணைக்க வேண்டும். அப்போதும் டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டக் கூடாது.

உண்மையான வேலி, ஏபிஐயை அணுக முகவருக்கு நீங்கள் கொடுக்கும் டோக்கன்தான். கருவியை எப்படி அழைப்பது என்பதைத்தான் எம்சிபி வரையறுக்கிறது. ஒரு கருவி அழிக்கக்கூடியது என்று குறித்து வைக்க அதில் இடம் இருந்தாலும், அது வெறும் குறிப்பே தவிரத் தடை அல்ல. கிளவுட்ஃபிளேராக இருந்தால், ஒரே டொமைனின் டிஎன்எஸ்ஸை மட்டும் திருத்தக்கூடிய, காலாவதி நாள் உள்ள டோக்கனைக் கொடுங்கள். கணக்கு முழுவதையும் திறக்கும் குளோபல் கீயை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். ரூட் 53ஆக இருந்தால், பதிவின் பெயர், வகை, செயல் என மூன்றையும் ஐஏஎம் (அணுகல் உரிமை) விதியிலேயே வரம்பிடலாம். அப்சர்ட்டை மறுத்து கிரியேட்டை மட்டும் அனுமதித்தால், ஏற்கெனவே இருக்கும் தொகுப்பின்மேல் எழுத முயலும்போது பிழை காட்டி நின்றுவிடும்.

மறுமொழி: கிட்_காவலன்

மேலே சொன்னவை சரி, ஆனாலும் நான் எழுதும் உரிமையையே கொடுக்க மாட்டேன். பதிவுகள் அனைத்தையும், கோப்பிலிருந்து டிஎன்எஸ்ஸை நிர்வகிக்கும் கருவிகளான டிஎன்எஸ்கன்ட்ரோல் அல்லது ஆக்டோடிஎன்எஸ் கோப்பாக கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றை வைக்கும் அமைப்பு) வைத்துவிட்டால், முகவர் அந்தக் கோப்பில் ஒரு திருத்தத்தை முன்மொழிவதோடு அதன் பங்கு முடிந்துவிடும். அந்தக் கோப்பிலிருந்து எஸ்பிஎஃப் வரி நீக்கப்பட்டிருந்தால், கழித்தல் குறியோடு சிவப்பு நிறத்தில் உங்கள் கண்முன் நிற்கும். பார்த்த பிறகு நீங்கள்தான் புஷ் செய்து அமலாக்குகிறீர்கள்.

ஆக்டோடிஎன்எஸ்ஸில் தானியங்கிப் பாதுகாப்பு இருக்கிறதே என்று அசந்துவிடாதீர்கள். இருக்கும் பதிவுகளில் 30 விழுக்காட்டுக்கு மேல் மாறினாலோ நீங்கினாலோதான் அது இயல்பாக மறுக்கும். உங்கள் 40இல் ஒன்று பாழானது 2.5 விழுக்காடு, அதன் வலையில் அது சிக்காது.

கேள்வியாளர்: கடைக்கோடி_சர்வர்

இருவருக்கும் நன்றி. கிட் வழியைத்தான் எடுக்கப்போகிறேன். இன்னொன்று: நேற்று ஒரு புதிய துணை டொமைனுக்கு சிநேம் பதிவை (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்புவது) முகவர் உருவாக்கியது. தானே சோதித்து, அந்தப் பெயருக்குப் பதில் கிடைக்கவில்லை என்று கண்டு, அழித்து மீண்டும் உருவாக்கியது. இப்படி மூன்று முறை. ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே சரியாகிவிட்டது.

மறுமொழி: பெயர்வழங்கி

உருவாக்குவதற்கு முன்பே அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒரு பொது ரிசால்வரிடம் (பெயருக்கான பதிலைத் தேடித் தரும் சர்வர்) முகவர் கேட்டிருக்கும். இல்லை என்ற பதிலும் தற்காலிகமாகச் சேமிக்கப்படும் என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை. அந்த இல்லையின் ஆயுள், எஸ்ஓஏ பதிவின் (டொமைனின் தலைமைப் பதிவு) கடைசி எண், அந்தப் பதிவின் டிடிஎல் (சேமித்து வைக்கலாம் என்ற நேரம், நொடிகளில்) ஆகிய இரண்டில் எது குறைவோ அதுதான். 1998இன் ஆர்எஃப்சி 2308 இதை வகுத்தது. சோதனையை எப்போதும் உங்கள் டொமைனின் அதிகாரப்பூர்வ பெயர் சர்வரிடமே நேரடியாகச் செய்யும்படி முகவருக்குச் சொல்லுங்கள். அங்கே சரியான பதில் வந்துவிட்டால், அதன் பிறகு எதையும் தொடாமல் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். காத்திருப்பது என்பது சொல்லிக் கொடுக்காமல் முகவருக்கு வருவதில்லை.

கேள்வியாளர்: கடைக்கோடி_சர்வர்

பார்த்தேன், இரண்டு எண்களுமே 3600 நொடி. பழைய டோக்கனை ரத்து செய்துவிட்டேன். முகவரிடம் இப்போது இருப்பது படிக்கும் உரிமை மட்டும்.