காவேரிப்பாக்கம் ஏரியில் பரிசலில் போய் லூர் இழுத்தால் மீன் அடிக்குமா?

வாலாஜா_தக்கை:

அண்ணன்மாருக்கு வணக்கம். வெளிநாட்டுப் பெரிய ஏரிகளில் ஓடும் படகுக்குப் பின்னால் லூரை (முள் வைத்த செயற்கை இரை) இழுத்து டிரவுட், சால்மன் பிடிக்கிறார்களே, அந்த டிரோலிங் முறையை நம்ம பக்கம் செய்ய முடியுமா? மனதில் இருப்பது காவேரிப்பாக்கம் ஏரி. அது சரிவராது என்றால் சாத்தனூர் அணை.

கையில் உள்ளது: 7 அடி மீடியம் ராடு, 4000 ரீல், 0.35 மி.மீ. தங்கூஸ் (நைலான் நரம்பு), முன்னால் நாக்கு வைத்த 9 செ.மீ. பிளக் (மீன் வடிவ லூர்) இரண்டு, 18 கிராம் ஸ்பூன் (உலோகத் தகடு லூர்) நாலு. ஏரியைக் குத்தகை எடுத்தவரிடம் பேசியாயிற்று. பரிசல் தருகிறார், துடுப்பு போட ஆளும் வருவார். எனக்கு வேண்டியது விராலும் கட்லாவும்.

அவர்கள் 80, 100 அடி ஆழத்தில் லூரை எப்படி நிறுத்துகிறார்கள்? என்ன வேகம்? எத்தனை அடி நரம்பு விட வேண்டும்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ஏலகிரி_நரம்பு:

தம்பி, முதலில் அந்த ஊர் முறையைச் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் நம்ம ஏரிக்கு எது ஒட்டும், எது ஒட்டாது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

ஒன்டாரியோ ஏரியின் அதிகபட்ச ஆழம் 244 மீட்டர், மிச்சிகன் ஏரி 281 மீட்டர். கோடையில் மேல் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டும். கீழே போகப் போக ஓரிடத்தில் சட்டென்று குளிர்ந்துவிடும். சினூக் சால்மன் ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி உள்ள தண்ணீரைத் தேடிப் போகும். லேக் டிரவுட்டுக்கு இன்னும் குளிர் வேண்டும், 7 முதல் 10. அவை தின்னும் ஏல்வைஃப் என்ற சிறுமீன் கூட்டமும் அந்தக் குளிர் எல்லையை ஒட்டித்தான் திரியும். மிச்சிகன் ஏரியில் 1966-ல் கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டதற்கு முக்கியக் காரணமே அளவுக்கு மீறிப் பெருகிய ஏல்வைஃப்தான். ஆக, அங்கே கோடையில் மீன் கரையையோ செடியையோ நம்பி இருப்பதில்லை, நடு ஏரியில் ஒரு வெப்ப அடுக்கை ஒட்டி இருக்கிறது. கண்ணுக்கெட்டாத பரப்பில் அந்த ஒரு அடுக்கிலேயே லூரை நிறுத்தி, ஓட்டிக்கொண்டே தேட வேண்டும். டிரோலிங் அதற்கான முறை.

ஆழத்தில் நிறுத்துவது டவுன்ரிகர் என்ற கருவி. படகின் ஓரத்தில் ஒரு சக்கரம், அதில் எஃகுக் கம்பி, கம்பி நுனியில் 4 முதல் 5 கிலோ ஈயக்குண்டு. லூரை முதலில் 5 முதல் 20 மீட்டர் வரை பின்னால் விட்டுவிட்டு, ராடிலிருந்து வரும் நரம்பைக் குண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளிப்பில் கவ்வ வைப்பார்கள். பிறகு குண்டை இறக்குவார்கள். மேலே ராடை வில் மாதிரி வளையும் அளவுக்கு இறுக்கி ஸ்டாண்டில் வைத்துவிடுவார்கள். மீன் அடித்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து கழன்றுவிடும். வளைந்திருந்த ராடு ஒரு நொடி நேராக நிமிர்ந்து, உடனே மீனின் கனத்தில் மறுபடி வளையும். அதற்கப்புறம் குண்டுக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை, வெறும் நரம்பில் மீனோடு மல்லுக்கட்டலாம். கிளிப் அதிக இறுக்கமாக இருந்தால் சின்ன மீன் மாட்டியது தெரியாமலே இழுத்துக்கொண்டு போவீர்கள். தளர்வாக இருந்தால் அலை ஆட்டத்திலேயே கழன்றுவிடும்.

மீட்டர் காட்டும் ஆழத்தை அப்படியே நம்பக் கூடாது. படகு ஓட ஓடக் கம்பி பின்னால் சாயும். 100 அடி கம்பி விட்டு, அது 30 டிகிரி சாய்ந்தால் குண்டு இருப்பது 87 அடியில். வேகம் கூடினால் இன்னும் மேலே வரும். குண்டின் எடையைக் கூட்டுவார்கள் அல்லது வேகத்தைக் குறைப்பார்கள்.

டவுன்ரிகர் இல்லாதவர்கள் ஈயம் உள்ளே ஓடும் நரம்பு போடுவார்கள். 10 கஜத்துக்கு ஒரு நிறம் மாறும். மெதுவாகப் போனால் ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ 5 அடி இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. 5 நிறம் விட்டால் 25 அடி.

வேகம் சால்மனுக்கு மணிக்கு 3.5 முதல் 4.5 கி.மீ., லேக் டிரவுட்டுக்கு அதைவிடக் குறைவு. ஆழத்தில் நீரோட்டம் வேறு திசையில் இருந்தால் மேலே சரியாக இருக்கும் வேகம் கீழே தப்பாக இருக்கும். அதனால் நேராகவே ஓட்டாமல் பாம்பு போல வளைத்து ஓட்டுவார்கள். வளைவில் வெளிப்பக்க லூர் வேகமெடுக்கும், உள்பக்க லூர் தளர்ந்து கீழே இறங்கும். வெளிப்பக்கத்தில் அடி விழுந்தால் வேகத்தைக் கூட்ட வேண்டும், உள்பக்கத்தில் விழுந்தால் குறைக்க வேண்டும். இந்த ஒரு பாடம் எந்த ஏரிக்கும் பொருந்தும்.

டிரவுட் நம் மாநிலத்தில் வேண்டும் என்றால் நீலகிரி ஏற வேண்டும். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமே இருக்கிறது. வேலூர் வெயிலில் ஏரித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும், டிரவுட் அதில் பிழைக்காது.

மதகடி_விரால்:

அண்ணன் சொன்னதை அப்படியே காவேரிப்பாக்கத்துக்குத் திருப்பிப் பாருங்கள். பல்லவர் காலத்து ஏரி, பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக நிரம்புவது. கோடி போகும் அளவுக்கு நிறைந்தாலே ஆழம் 30 அடிதான், அதுவும் கரையடியில், மதகுப் பக்கம். நீர்ப்பிடிப்புப் பக்கம் போகப் போக இடுப்பளவு, முழங்கால் அளவு. காற்று அடித்தால் மொத்தத் தண்ணீரும் கலங்கிவிடும், குளிர் அடுக்கு என்று ஒன்று நிலையாக நிற்காது. தேடிப் போக வேண்டிய அடுக்கே இல்லாத இடத்தில் டவுன்ரிகருக்கு வேலை இல்லை.

விரால் இருப்பது திறந்த தண்ணீரில் இல்லை. ஆகாயத் தாமரை ஓரம், அல்லி இலைக்கு அடியில், சம்பு புதர், மூழ்கி நிற்கும் கருவேல மரத்தடி, கரையில் பதித்த கல் இடுக்கு, இங்கேதான் இருக்கும். பதுங்கிக் கிடந்து பாயும் மீன் அது, துரத்திக்கொண்டு அலையாது. உங்கள் 9 செ.மீ. பிளக்கின் அடியில் மூன்று முள் கொக்கி இரண்டு தொங்கும். பரிசலுக்குப் பின்னால் 20 மீட்டர் இழுப்பதற்குள் வேலம்பாசியை ஒரு கட்டு அள்ளிவிடும். பாசி மாட்டிய பிளக் ஆடாது, ஆடாத பிளக்கை எந்த மீனும் தொடாது. ராடு நுனி விட்டு விட்டுத் துடித்தால் பிளக் வேலை செய்கிறது. துடிப்பு நின்று வெறும் கனம் தெரிந்தால் பாசி. பத்து தடவையில் எட்டு தடவை பாசியாகத்தான் இருக்கும்.

கட்லா இன்னும் மோசம். அது மிதக்கும் நுண்ணுயிரைத் தின்னும் மீன். ரோகு, மிருகால் எல்லாமும் துரத்தி வேட்டையாடும் சாதி இல்லை. ஏரியிலும் அணையிலும் விடும் குஞ்சுகளில் பெரும்பகுதி இந்தக் கெண்டை வகைதான். நாள் முழுக்க ஸ்பூன் இழுத்தாலும் கட்லா திரும்பிப் பார்க்காது.

விராலுக்குப் பரிசலில் போங்கள், ஆனால் இழுக்கப் போகாதீர்கள், வீசப் போங்கள். புதரிலிருந்து 12 முதல் 15 மீட்டர் தள்ளிப் பரிசலை நிறுத்திவிட்டு, செடியில் மாட்டாத தவளை லூரை இலைக்கு மேலேயே போட வேண்டும். 5 முதல் 6 செ.மீ., 10 முதல் 15 கிராம் எடை போதும். 0.35 தங்கூஸைக் கழற்றிவிட்டு 40 பவுண்டு பின்னல் நரம்பு ஏற்றுங்கள். தங்கூஸ் நீளும், இலைக் கூட்டத்துக்குள் புகுந்த விராலை அதில் வெளியே இழுக்க முடியாது. பின்னல் நரம்பை ஸ்பூலில் நேராகச் சுற்றினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும், டிராக் (மீன் இழுத்தால் நரம்பு எவ்வளவு இறுக்கத்தில் கழல வேண்டும் என்று வைக்கும் ரீல் பிடி) கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொள்வீர்கள். அடியில் 10 மீட்டர் பழைய தங்கூஸ் சுற்றி, அதன் மேல் கட்டுங்கள். லூருக்குப் பாலோமர் முடிச்சு. இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும்.

விரால் தண்ணீரை உடைத்துக்கொண்டு அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு ராடைத் தூக்கினால் லூர் முகத்துக்குப் பறந்து வரும், மீன் வராது. நரம்பு இழுபடுவது கையில் தெரியும் வரை, ஒன்று இரண்டு எண்ணும் நேரம், பொறுங்கள். பிறகு பலமாக ஒரு வெட்டு. நிறுத்தாமல் சுற்றி, தலையை மேலே தூக்கியே கொண்டு வாருங்கள். தலை கீழே போனால் தண்டைச் சுற்றிவிடும்.

இடம் கண்டுபிடிக்க ஒரு வழி. விரால் மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டிய மீன். அலை இல்லாத காலையில் பத்து நிமிடம் பேசாமல் பார்த்தால் எங்கே மூக்கு நீட்டுகிறது என்று தெரிந்துவிடும். மழைக்காலத்தில் சிவப்புக் குஞ்சுக் கூட்டம் கொதிக்கிற மாதிரி மேலே தெரிந்தால் அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் பாயும், ஆனால் போடாதீர்கள். அந்த ஜோடியைத் தூக்கிவிட்டால் குஞ்சு முழுக்க அன்றைக்கே ஜிலேபி மீனுக்கும் கொக்குக்கும் இரை.

சாத்தனூர்_பரிசல்:

மேலே சொன்னது ஏரிக்கு முழுக்கச் சரி. சாத்தனூர் கொஞ்சம் வேறு. சென்னகேசவ மலைகளுக்கு நடுவே தென்பெண்ணையில் கட்டிய அணை, முழுக் கொள்ளளவு மட்டம் 119 அடி. பாறைச் சரிவு, மூழ்கிய பழைய ஆற்றுத் தடம் எல்லாம் உண்டு, செடி குறைவு. இங்கே நாக்கு வைத்த பிளக்கைச் சரிவை ஒட்டி மெதுவாக இழுத்தால் வாளையும், பாறை ஓரத்து விராலும் அடிக்க வாய்ப்பு உண்டு. எதிர்பார்ப்பைக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணையிலும் இதே கதைதான், பரப்பு மட்டும் சிறியது.

பரிசலில் ஒரு சிக்கல். வட்டமான பரிசலில் பக்கவாட்டில் துடுப்பு போட்டால் ஒவ்வொரு வலிப்புக்கும் அது கொஞ்சம் சுற்றும். லூர் ஒரு நொடி ஓடும், ஒரு நொடி நிற்கும், நரம்பும் முறுக்கிக்கொள்ளும். துடுப்பு போடுபவர் முன்பக்கம் உட்கார்ந்து, தண்ணீரைத் தன் பக்கமாக வாரி இழுத்தால் பரிசல் ஓரளவு நேராக வரும். ராடு பிடிப்பவர் அவருக்கு நேர் பின்னால், முதுகோடு முதுகாக. வேகம் மணிக்கு 3 கி.மீ. போதும், அதாவது நிமிடத்துக்கு 50 மீட்டர். கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். நரம்பு 25 முதல் 30 மீட்டர் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் வளையும்போது பிளக் எங்கே போகிறது என்று கையில் இருக்காது. நரம்பு மெல்லியதாக இருந்தால் பிளக் ஆழமாக இறங்கும். 0.35-க்குப் பதில் 20 பவுண்டு பின்னல் நரம்பு, முனையில் 3 அடிக்குத் தடித்த தங்கூஸ். வாளையின் பல் பொடிப்பொடியாக, அரம் மாதிரி இருக்கும், பின்னல் நரம்பு அதில் தாங்காது. ஸ்பூன் கட்டினால் சுழலி வளையம் போட மறக்காதீர்கள்.

முக்கியமானது வலை. மீனவர்கள் சாயங்காலம் தங்கூஸ் வலை கட்டிவிட்டுக் காலையில்தான் எடுப்பார்கள். மிதவை சின்னதாக இருக்கும், தெர்மாகோல் துண்டு, பிளாஸ்டிக் பாட்டில். மூன்று முள் கொக்கி வலையில் மாட்டினால் லூரும் போகும், அவர்கள் வலையும் கிழியும். வலை எடுத்த பிறகு, எந்தப் பக்கம் போகலாம் என்று அவர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது. சாத்தனூர் தண்ணீரில் முதலை உண்டு. மாட்டிய லூரை எடுக்கத் தண்ணீரில் இறங்காதீர்கள், கையைத் தொங்கவிட்டு உட்காராதீர்கள். நரம்பை அறுத்துவிட்டு வாருங்கள், லூர் போனால் போகட்டும். லைஃப் ஜாக்கெட் துடுப்பு போடுபவருக்கும் சேர்த்து.

வாலாஜா_தக்கை:

மூவருக்கும் நன்றி அண்ணா. டிரோலிங் எண்ணத்தை விட்டுவிட்டேன், காவேரிப்பாக்கத்தில் தவளை லூர்தான். இரண்டு சந்தேகம். கடையில் பார்த்த தவளை லூர் பத்து வீச்சில் தண்ணீர் குடித்து மூழ்குகிறது என்கிறார்கள், உண்மையா? கட்லாவுக்கு அப்படியானால் என்ன செய்வது?

மதகடி_விரால்:

உண்மைதான். கொக்கியின் தண்டு உடம்புக்குள் நுழையும் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறும். ஐந்தாறு வீச்சுக்கு ஒரு தடவை வயிற்றை அமுக்கிப் பிழிந்தால் போதும். சீக்கிரமே மூழ்கினால் ஓட்டை ஓரத்தில் பசை ஒரு சொட்டு விட்டு ராத்திரி காயவிடுங்கள். உள்ளே நிறைய விட்டால் உடம்பு விறைத்துவிடும், மீன் கடித்தாலும் அமுங்காது, முள் வெளியே வராது. வாங்கும்போதே உடம்பை விரலால் அமுக்கிப் பாருங்கள், இரண்டு முள்ளும் முழுசாக வெளியே நிற்க வேண்டும். முள் நுனி ரப்பரைக் குத்திக்கொண்டிருந்தால் குறடால் பிடித்து 2 மி.மீ. வெளியே விரியுங்கள். அதற்கு மேல் விரித்தால் இலையெல்லாம் மாட்டும்.

கட்லாவுக்கு மாவு. தவிடு 1 கிலோ, பொடித்த கடலைப் புண்ணாக்கு அரை கிலோ, மைதா கால் கிலோ. புண்ணாக்கை அரை மணி ஊறவைத்த பிறகே மற்றதைச் சேர்த்துப் பிசைய வேண்டும், இல்லையென்றால் உருண்டை தண்ணீரில் ஊறி உப்பிச் சீக்கிரமே உடையும். பிடித்த உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஓரம் மெல்ல உதிர்ந்து பத்து நிமிடத்தில் கரைந்தால் சரி. உடனே சிதறினால் மைதா கொஞ்சம் கூட்டுங்கள், கல்லாகக் கிடந்தால் தவிடு. நரம்பில் கட்டிய கம்பிச் சுருளான ஸ்பிரிங்கைச் சுற்றி எலுமிச்சை அளவு பிடித்து, 3 அங்குல நூலில் தொங்கும் 6-ஆம் நம்பர் முட்களை மாவின் ஓரத்தில் செருகிவிடுங்கள். கட்லாவின் வாய் மேல் நோக்கியது, மேல் தண்ணீரில் மேயும். அதனால் அடியில் கிடத்தாமல் தக்கை கட்டி 4, 5 அடி ஆழத்தில் தொங்கவிடுங்கள். ஒரே இடத்தில் மாவு விழ வேண்டும், இடம் மாற்றினால் கூட்டம் சேராது.

தக்கை மூழ்குவதற்குப் பதில் சாய்ந்து படுத்தாலும் அது கடிதான். கீழிருந்து கனத்தைத் தூக்கிவிட்டது என்று அர்த்தம், அப்போதே வெட்டுங்கள். விராலுக்கு இறுக்கிய டிராக்கை இதற்குத் தளர்த்த வேண்டும். கட்லாவின் உதடு மென்மையானது, கிழிந்துவிடும். வாய் அகன்ற கைவலை ஒன்று எடுத்துப் போங்கள், நரம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள்.