புதுப்பிப்பு: பெருந்துறை அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் சரியாகிவிட்டதுங்க

அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் எதைத் தேடினாலும் வேறு பக்கம் திறக்கிறது, மாமாவின் விசைத்தறிக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன்.

நெட்டைத் துண்டித்துவிட்டு, விண்டோஸோடு கூடவே வரும் வைரஸ் தடுப்பான டிஃபென்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டினோம். விண்டோஸ் எழும்பும் முன்பே அது தேடுவதால் ஒளிந்திருப்பது தப்புவது சிரமம். சிலது சிக்கியது, ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நூல் கணக்கு, பில் ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறொரு கம்ப்யூட்டரில் தயாரித்த பென்டிரைவை வைத்து எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டோம்.

அப்புறம்தான் முக்கியமான வேலை, பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். இந்த மாதிரி வைரஸ்களில் சிலது பிரவுசர் குக்கியையும் (நீங்கள் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் சின்னத் தகவல்) சுருட்டிக்கொண்டு போகும், அது கையில் இருந்தால் பாஸ்வேர்டு கேட்காமலே உங்கள் கணக்குக்குள் நுழையலாம். அதனால் மாமாவின் போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றி, ஜிமெயிலை எல்லாச் சாதனங்களிலும் வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டோம். ஜிமெயில் செட்டிங்ஸில், வரும் மெயிலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பிவைக்கும் ஃபார்வர்டிங் பகுதியில் யாரென்றே தெரியாத ஒரு முகவரி உட்கார்ந்திருந்தது! அதைப் பார்த்ததும் பகீரென்றது. உடனே நீக்கினோம். நீங்களும் அந்த இடத்தை ஒருதடவை திறந்து பாருங்க.

இனி மாமாவுக்கு அட்மின் உரிமை இல்லாத சாதாரணக் கணக்குதான். யாருக்காவது பணமே போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்க.