பாசியைப் படமெடுக்க ஒளியிழை விளக்கு: நுனியில் வெளிச்சம் போதவில்லை

கேள்வி (கோத்தகிரி)
வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கல்சுவரில் வளரும் பாசியின் வித்துப்பைகளை மேக்ரோ லென்ஸில் எடுத்து வருகிறேன். லென்ஸுக்கும் பாசிக்கும் நடுவே நான்கு விரற்கடை இடமே கிடைப்பதால் ஃபிளாஷை அங்கே கொண்டுசெல்ல வழியில்லை. ஆகவே பழைய அலங்கார விளக்கொன்றின் பிளாஸ்டிக் ஒளியிழைகளைக் கத்தரித்துக் கட்டாக்கி, எல்இடி டார்ச்சின் முகப்பில் பொருத்தி, மறுமுனையை இரண்டு கைகளாகப் பிரித்திருக்கிறேன். டார்ச் கண்ணைக் கூசவைக்கிறது. இழையின் நுனியிலோ மின்மினி அளவுக்குத்தான் வெளிச்சம் வருகிறது. எங்கே இழக்கிறேன் என்று சொல்ல முடியுமா?

மறுமொழி (குன்னூர்)
பெரும்பாலும் நுழைவாயிலிலேயே இழக்கிறீர்கள். இவ்வகை இழை, தன் அச்சிலிருந்து ஏறத்தாழ 30 பாகைக்குள் சாய்ந்து வரும் ஒளியை மட்டுமே கடத்தும் என்பதால், அகலப் பரப்பும் டார்ச்சைவிட, ஒளியைச் சிறு வட்டமாகக் குவிக்கும் ஜூம் டார்ச் நன்று. உருண்டையான இழைகளை எவ்வளவு நெருக்கிக் கட்டினாலும் இடைவெளிகளில் பத்தில் ஒரு பங்கு ஒளி வீணாகும். தளர்ந்த கட்டென்றால் இன்னும் கூடுதல். எல்லாவற்றிலும் பெரிய குறை, கத்தரிக்கோல் முனையை நசுக்கிவிடுவதுதான். புதிய பிளேடால் நேராக அறுத்து, 400, 1000, 2000 எண் உப்புத்தாள்களில் தண்ணீர் விட்டு அதே வரிசையில் தேய்த்து, இறுதியில் பற்பசையால் மெருகேற்றுங்கள். இரு முனைகளுக்கும் இதைச் செய்யவேண்டும். கட்டு இறுக ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் உறை) போடலாம்.

மறுமொழி (கொடைக்கானல்)
குன்னூர் நண்பர் சொன்னவற்றில் கடைசி யோசனையை மட்டும் ஏற்க இயலவில்லை. இவ்விழைகள் அக்ரிலிக்கால் ஆனவை. பொதுவாக 70 பாகை செல்சியஸுக்கு மேல் தாங்கமாட்டா. சாதாரண ஹீட் ஷ்ரிங்க் முழுதாகச் சுருங்குவதற்கோ 90 பாகைக்கு மேல் சூடு காட்டவேண்டும். நூலால் இறுகச் சுற்றி அரால்டைட் பூசினாலே போதும். அதே காரணத்தால், டார்ச்சின் கண்ணாடியை இழைகள் தொடாதபடி சிறிது இடைவெளி விட்டு, பிவிசி ரெட்யூசருக்குள் (பெரிய குழாயைச் சிறிய குழாயோடு இணைக்கும் துண்டு) கட்டைச் செருகுங்கள்.

கைகள் வளைத்த இடத்தில் நிற்க, இழைகளோடு அலுமினியக் கம்பியொன்றையும் கருப்புக் குழாய்க்குள் நுழைக்கலாம். ஆனால் ஒரு மில்லிமீட்டர் இழையை 25 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் குறுகலாக வளைத்தால், வளைவிலேயே ஒளி வெளியேறிவிடும். ஒரு கையைப் பாசிக்குப் பின்னே தாழ்வாக வையுங்கள். வித்துப்பையின் காம்பு ஒளி ஊடுருவிச் சிவந்து தெரிவது முன்னொளியில் கிடைக்காது. ஈரப்பாசியில் வெள்ளைப் புள்ளிகள் தெறித்தால் முன்புறமுள்ள இழைக்கையின் நுனியில் டிரேசிங் தாள் ஒட்டுங்கள். குறையும் வெளிச்சத்தை முக்காலியில் நீண்ட எக்ஸ்போஷரால் ஈடுசெய்யலாம். நம் மலைகளில் அதற்குக் காற்று ஓயும் விடியற்காலையே தோது.

மறுமொழி (குன்னூர்)
சூட்டைப் பற்றிய திருத்தம் சரியானதே, நூலையே பயன்படுத்துங்கள்.