விளாட்டின் இரவுத் தாக்குதல்: வெற்றியா, தோல்வியா?

காட்டுவழி:
1462 ஜூன் 17 இரவு. வலாக்கியாவின் (இன்றைய ருமேனியாவின் தென்பகுதி) தலைநகர் தர்கோவிஷ்டேக்குப் பக்கத்தில் ஆட்டோமன் படை முகாமிட்டிருந்தது. வலாக்கியாவை ஆண்ட மூன்றாம் விளாட் 7,000 முதல் 10,000 குதிரைவீரர்களோடு உள்ளே புகுந்தார். கான்ஸ்டான்டினோபிளைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெகமதைக் கூடாரத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். எதிரிப் படையோ பல மடங்கு பெரியது. இவ்வளவு துணிந்தவரைத் தோற்றவர் என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

படைவீட்டான்:
துணிச்சலை யார் மறுத்தார்கள்? ஆனால் குறி தவறிவிட்டதே. தீப்பந்தங்களோடு போனவர்கள் இருட்டில் மஹ்மூத் பாஷா, இஷாக் பாஷா என்ற இரு அமைச்சர்களின் கூடாரங்கள்மேல் போய் விழுந்தார்கள். அங்கே செத்தவற்றில் ஒட்டகங்களும் கோவேறு கழுதைகளும் நிறைய. கிரேக்க வரலாற்றாசிரியர் கல்கோகொண்டிலிஸ் இதை எழுதியிருக்கிறார். சுல்தான்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

காட்டுவழி:
ஒட்டகம் செத்தால் சும்மாவா? வரும் வழியெல்லாம் விளாட் பயிரைக் கொளுத்தியிருந்தார், கிணறுகளைக் கெடுத்திருந்தார். ஜூன் வெயிலில் தண்ணீருக்குத் தவித்து வந்த படை அது. பொதி சுமக்கும் விலங்கும் போனால் என்ன செய்வார்கள்?

மழைக்காகம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்தப் பயிர் யாருடையது? அவருடைய சொந்தக் குடிகளுடையது. டான்யூப் ஆற்றங்கரையில் 23,000க்கு மேற்பட்டோரைக் கொன்றதாக அதே ஆண்டு பிப்ரவரியில் ஹங்கேரி அரசர் மத்தியாசுக்கு அவரே கடிதம் எழுதினார். வீட்டோடு எரிந்தவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. இவரை வீரர் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

காட்டுவழி:
சரி, அந்தக் கொடுமைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த ஓர் இரவின் போர்முறையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

படைவீட்டான்:
போர்முறை என்றே வைத்துக்கொள்வோம். சுல்தான் திரும்பிப் போனார், ஆனால் விளாட்டின் தம்பி ராடுவை விட்டுவிட்டுப் போனார். பிரபுக்கள் ஒவ்வொருவராக ராடு பக்கம் சாய்ந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் விளாட் அதே மத்தியாசின் சிறையில் இருந்தார்.

காட்டுவழி:
அரியணை போனது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் பறித்தது அரசியல். அந்தப் படையெடுப்பில் சுல்தான் பக்கம் இருந்த செர்பியர் கான்ஸ்டன்டின் மிஹைலோவிச் சொல்வதைப் பாருங்கள்: இரவுதோறும் முகாமைச் சுற்றிக் கூர்முளைகள் நட்டார்களாம், அப்படியும் தங்களைக் காத்துக்கொள்ள முடியவில்லையாம். அடி வாங்கியவரே சொல்லும் சாட்சி இது.