புகாரை முடித்துவைப்பது யார்? – எங்கள் குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

நான் (காலை 7:10): எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெருமுனை விளக்கு எரியவில்லை என்று 11 நாட்களுக்கு முன் உள்ளாட்சியின் செயலியில் படத்தோடு புகார் பதிந்திருந்தேன். நேற்று இரவு, 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. அதைப் படித்தபோது நான் அந்தக் கம்பத்தடியில்தான் நின்றிருந்தேன். கைப்பேசித் திரையைத் தவிர அங்கே வேறு வெளிச்சமே இல்லை. சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கும் செயலியில், 'இன்னும் தீரவில்லை' என்று சொல்ல ஒரு பொத்தான்கூட இல்லை.

பெரியப்பா (7:24): கோப்புகளோடு முப்பது ஆண்டுகள் காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன், அம்மா. காகிதக் காலத்திலும் கோப்பு முடிந்துவிடும், குறை அப்படியே கிடக்கும். இப்போதோ நிலுவை எத்தனை, எத்தனை நாளில் முடிந்தது என்ற கணக்கு மேலதிகாரியின் திரையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கெடு தாண்டினால் விளக்கம் கேட்பார்களே என்ற அச்சத்தில், உதிரிப் பொருள் வந்துசேராத வேலையைக்கூட முடிந்ததாகக் குறித்துவிடுகிறார்கள். ஊழியரை மட்டும் குறை சொல்லாதே. 'பொருளுக்காகக் காத்திருக்கிறோம்' என்று உண்மையை எழுத அந்தச் செயலியில் அவருக்கு இடம் கொடுத்தார்களா என்றும் கேள்.

அண்ணன் (7:41): பிரிட்டனில் மைசொசைட்டி என்ற அமைப்பு 2007இல் தொடங்கிய, தெருக் குறைகளைப் பதியும் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் இணையதளத்தில் இதற்கு வழி இருக்கிறது. பதிந்து நான்கு வாரம் ஆனதும், குறை சரியாகிவிட்டதா என்று புகார் கொடுத்தவரிடமே அது மின்னஞ்சலில் கேட்கிறது. புகார்கள் எல்லோரும் பார்க்கும்படி வரைபடத்தில் இருப்பதால், அந்த வழியே போகும் வேறொருவரும் நிலைமையை எழுதலாம். மென்பொருளும் திறந்த மூலம்தான். எந்த நகராட்சியும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

சித்தி (8:05): செயலி வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் சரி. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. அவர் வீட்டு வாசலில் மூன்று வாரமாகக் கழிவுநீர் தேங்கி நிற்கிறது, ஆனால் எந்தத் திரையிலும் அது இல்லை.

அண்ணன் (8:19): நீங்கள் சொல்வதுதான் அடிப்படைச் சிக்கல், சித்தி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம், காரில் போகும்போது ஏற்படும் அதிர்வைக் கொண்டு சாலைக் குழிகளைத் தானே கண்டறியும் ஸ்ட்ரீட் பம்ப் என்ற கைப்பேசிச் செயலியை உருவாக்கியது. பொதுமக்களிடம் மட்டும் அதைக் கொடுத்தால், ஸ்மார்ட்போன் குறைவாக உள்ள ஏழைகளும் முதியவர்களும் வாழும் பகுதிகளின் குழிகள் கணக்கில் வராது என்பதை முன்பே உணர்ந்து, எல்லாப் பகுதிகளுக்கும் செல்லும் சாலை ஆய்வாளர்களிடம் முதலில் கொடுத்தார்கள். புகார் வராத தெருவில் குறையே இல்லை என்று எண்ணாத அந்த நிதானத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நான் (8:32): ஐரோப்பிய நாடான எஸ்டோனியாவில், அரசிடம் உள்ள தங்கள் விவரங்களை எந்த அலுவலகம், எப்போது எடுத்துப் பார்த்தது என்பதைக் குடிமக்களே இணையத்தில் பார்க்க முடிகிறது. அதைப்போல என் புகாரை யார், எப்போது, எதைப் பார்த்து முடித்தார் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். நான் ஒப்புக்கொள்ளாமல் புகாரை மூடக் கூடாது என்று ஆணையருக்கு எழுதப்போகிறேன்.

பெரியப்பா (8:40): கம்பத்தின் எண் தெரியும்படி இன்று இரவே ஒரு படம் எடுத்து, அந்தக் குறுஞ்செய்தியின் நகலோடு இணைத்துவிடு. தொலைபேசியிலும் நேரிலும் வரும் புகார்களுக்கும் அதே வரிசை எண் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள், அம்மா.

சித்தி (8:47): அந்தக் கழிவுநீர்ப் புகாரையும் உன் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடு. அவர் சொல்லச் சொல்ல எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கி மாலைக்குள் அனுப்பிவைக்கிறேன்.