ஆறு காயில் கூண்டு: நடுவில் பூஜ்யம் வந்தால் துருவம் சரி என்று அர்த்தமா?

பனசங்கரி_பட்டறை
பெங்களூரில் கல்லூரி ஆய்வகம் ஒன்றுக்காகச் சின்ன பாலிவெல் கூண்டு (மின்னேறிய துகள்களைக் காந்தப்புலத்தால் நடுவில் அடைத்து அணு இணைவுக்கு முயலும் கருவி) கட்டுகிறோம். கனசதுரத்தின் முகத்துக்கு ஒரு காயில். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய 2 மி.மீ. எனாமல் கம்பி, காயிலுக்கு 50 சுற்று, சராசரி ஆரம் 10 செ.மீ. கூண்டின் நடுவிலிருந்து ஒவ்வொரு காயிலும் 12 செ.மீ. தள்ளி நிற்கிறது. ஆறும் தொடர் இணைப்பில், 10 ஆம்பியர். காந்தப்புலம் அளக்கும் ஹால் சென்சாரை நடுவில் வைத்தால் மூன்று அச்சிலும் பூஜ்யம். ஆனால் மூலைகளில் காம்பஸ் ஊசி மூலைவிட்டத்தின் வழியே நிற்காமல் பக்கவாட்டில் சாய்கிறது. துருவம் சரியா, தப்பா? வடமுனைக்குப் பதில் தென்முனை உள்ளே பார்த்தால் ஏதாவது கெடுமா?

காந்தவயல்
கடைசிக் கேள்வி எளிது: ஆறும் வடமுனையாக இருந்தாலும் சரி, ஆறும் தென்முனையாக இருந்தாலும் சரி. ஆறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நடுவில் பூஜ்யம் வந்ததை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் அளவுகளுக்கு ஒரு காயில் கூண்டின் நடுவில் தருவது சுமார் 8 காஸ் (காந்தப்புல அலகு). ஒரே ஒரு காயில் திரும்பியிருந்தால் அதுவும் எதிர்முகக் காயிலும் கூடி 16 காஸ் காட்டும், உடனே பிடித்துவிடலாம். எதிரெதிர் முகங்கள் இரண்டும் சேர்ந்து திரும்பியிருந்தால்? ஒன்றையொன்று அடித்து நடுவில் மறுபடி பூஜ்யம்தான். உங்களுக்கு நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

பிரித்தறிய சென்சாரை நடுவிலிருந்து ஒவ்வொரு அச்சிலும் 2 செ.மீ. நகர்த்துங்கள். எல்லாம் சரியாக இருந்தால் புலம் தூரத்தின் மூன்றாம் படியில்தான் ஏறும், அதனால் அங்கே 0.2 காஸ் கூட வராது. ஒரு ஜோடி திரும்பியிருந்தால் நேர்கோட்டில் ஏறும்: அந்த ஜோடியின் அச்சில் 10 காஸ் அளவுக்கு, மற்ற இரண்டு அச்சில் அதில் பாதி. எந்த அச்சில் அதிகமோ அந்த ஜோடிதான் குற்றவாளி. கரண்டை நிறுத்திவிட்டும் ஒரு ரீடிங் எடுத்துக் கழியுங்கள். பெங்களூரில் பூமியின் புலமே 0.4 காஸ் இருக்கிறது.

சென்சாரை எதில் படிக்கிறீர்கள்? எஸ்எஸ்49இ வகை ஹால் சென்சார் என்றால் காஸுக்குச் சுமார் 1.4 மில்லிவோல்ட். அர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் 10 பிட் உள்ளீடு 4.9 மில்லிவோல்ட்டுக்கு ஒரு படி, அதாவது மூன்றரை காஸ் வரை கண்ணுக்கே தெரியாது. வோல்டேஜை இன்னும் நுணுக்கமாக அளக்கும் ஏடிஎஸ்1115 போர்டு ஒன்று வைத்துப் படியுங்கள்.

சுருள்_மேசை
முகம் முகமாகச் சோதிப்பதும் நல்லது சார். தொடர் இணைப்பைக் கழற்றி, ஒரு நேரத்தில் ஒரு காயிலுக்கு மட்டும் 1 ஆம்பியர் கொடுங்கள். சிவப்பு க்ளிப் போக வேண்டியது தொடரில் பாசிட்டிவ் பக்கம் இருந்த முனைக்கு. இங்கே மாற்றிப் பிடித்தால் சோதனையே பொய். காயிலின் நடுவில் 3 காஸ் வரும், காம்பஸுக்குத் தாராளம். வடமுனை உள்ளே பார்ப்பதாக வைத்துக்கொண்டால், காம்பஸை வெளியிலிருந்து காயிலின் மையத்துக்கு நேரே பிடிக்கும்போது ஊசியின் வடநுனி கூண்டுக்குள் காட்ட வேண்டும். அப்படியென்றால், வெளியிலிருந்து பார்க்கும்போது ஆறு காயிலிலும் கரண்ட் கடிகார முள் சுற்றும் திசையில் ஓடுகிறது.

மேசை மரமாக இருக்கட்டும், இரும்புக் கால் வேண்டாம். பலமான காயிலுக்குப் பக்கத்தில் கிடந்த காம்பஸ் சில நேரம் தலைகீழாகக் காந்தமேறிவிடும். ஒவ்வொரு முறையும் முதலில் கூண்டை விட்டுத் தள்ளி வைத்து வடக்கு பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்ப வேண்டிய காயிலில் இரண்டு முனைகளையும் அந்த இடத்திலேயே மாற்றுங்கள், காயிலைக் கழற்ற வேண்டாம். சப்ளையில் மாற்றினால் ஆறும் ஒன்றாகத் திரும்பும், ஜோடிப் பிழை அப்படியே இருக்கும். அதோடு, கரண்டை நிறுத்தும்போது எழும் வோல்டேஜை அடக்கக் காயில்களுக்குக் குறுக்கே போட்ட டையோடு நேர்த்திசைக்கு வந்து சப்ளையை ஷார்ட் செய்துவிடும்.

பனசங்கரி_பட்டறை
அளந்துவிட்டோம். மேல்-கீழ் அச்சில் 2 செ.மீ. தள்ளி 9.6 காஸ், மற்ற இரண்டில் 4.8. மேலும் கீழும் உள்ள காயில்களின் முனைகளை மாற்றியதும் மூன்று அச்சிலும் அரை காஸுக்குக் கீழே வந்துவிட்டது. எட்டு மூலையிலும் ஊசியின் வடநுனி இப்போது மூலைவிட்டத்தின் வழியே வெளியே காட்டுகிறது. டையோடையும் சரிபார்த்தோம், திசை சரி.

காந்தவயல்
அருமை. முகங்கள் வழியே நுழையும் காந்தப் பாயம் மூலைகளிலும் விளிம்புகளிலும் வெளியேறித்தான் ஆக வேண்டும், ஊசி அதைத்தான் காட்டுகிறது.

கூண்டு வெற்றிட அறைக்குள் போகும் முன் இரண்டு விஷயம். ஒவ்வொரு காயிலின் ஆரம்ப முனைக்கும் சிவப்பு ஸ்லீவ் போட்டு, வெளிப்பக்கம் பெயிண்டால் ஒரு புள்ளி வையுங்கள். உள்ளே போன பிறகு காம்பஸ் நீட்ட முடியாது. அடுத்தது சூடு. 10 ஆம்பியரில் காயிலுக்கு 0.17 ஓம் கணக்கில் 17 வாட், ஆறுக்கும் 100 வாட். மேசையில் காற்று அதைக் கொண்டுபோய்விடும். வெற்றிடத்தில் காற்று இல்லாததால் எனாமல் வேகும், சுற்றுகளுக்குள் ஷார்ட் ஆகும். ஷார்ட்டான சுற்றுகள் அந்த முகத்தின் புலத்தைக் குறைக்கும், நடுப் பூஜ்யமும் நகர்ந்துவிடும். தண்ணீர்க் குழாய் இல்லையென்றால் சில விநாடி பல்ஸாக மட்டும் ஓட்டுங்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காயிலின் ஓம் அளவைக் குறித்துவையுங்கள். தாமிரத்தில் 10 டிகிரிக்கு மின்தடை சுமார் 4 சதவீதம் ஏறும், அதுவே உங்கள் தெர்மாமீட்டர்.